ஒன்று என்று எழுது, மார்க் வாங்கு

ரெக்கார்ட் நோட்டில் ஒரு எண்ணை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மார்க்கும் வந்தது. அன்றிலிருந்து வயிறு எரிகிறது, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். முடியாவிட்டால் மன்னித்து, குற்றாலம் வருகிற இடத்தை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம் :-)

முதலில் விஷயம். லினக்ஸில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் ஒரு புரோசஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, பிஐடி. புரோசஸ் எதுவும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று ஃபோர்க் என்று கூப்பிட்டால் அது இரண்டாகும். கூப்பிட்டது பேரன்ட், புதிதாக வந்தது சைல்டு. (1-ஆம் எண் மட்டும் விதிவிலக்கு. மெஷின் கிளம்பும்போது கெர்னலே அதைக் கிளப்பிவிடும். இனிட் என்பது அதன் பழைய பெயர்.) சைல்டு தன் பேரன்ட் யார் என்று கெர்னலைக் கேட்பதற்கு ஒரு சிஸ்டம் கால் இருக்கிறது: கெட்பிபிஐடி. நடுவில் இரண்டு 'பி'. ஒரு 'பி'யை விழுங்கிவிட்டால் அது கெட்பிஐடி, அதாவது தன் எண்ணைத் தானே கேட்பது. லேபில் பாதிப் பேர் ஒரு முறையாவது விழுங்கியிருக்கிறோம்.

இதை மாதிரி சாதுவான சிஸ்டம் கால் கிடையாது. ஆர்க்யுமென்ட் எதுவும் வாங்காது. மேனுவல் பக்கத்தில் எர்ரர் என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது, இது எப்போதும் வெற்றி பெறும் என்பது மட்டும்தான். ஓப்பன் தோற்கும், ஃபோர்க் தோற்கும், இது தோற்காது. அப்படிப்பட்ட கால் என் ரெக்கார்டில் மட்டும் தோற்றுப்போனது.

லேப் பயிற்சி இதுதான். பேரன்ட் முதலில் முடிந்துபோக வேண்டும், சைல்டு ஸ்லீப் போட்டுக் காத்திருந்து, பிறகு கெட்பிபிஐடி கேட்க வேண்டும். அநாதையாகிப்போன சைல்டுக்கு ஆர்ஃபன் புரோசஸ் என்று பெயர். என்ன எண் வரும்? சீனியர் ரெக்கார்டில் 1 என்று இருந்தது. அவருடைய சீனியர் ரெக்கார்டிலும் 1. அதோடு, அநாதையாவதற்கு முன்னால் உள்ள வரியில் சைல்டு 3457, பேரன்ட் 3456 என்றும் இருந்தது. எங்கள் வகுப்பில் அறுபது பேர். அறுபது நோட்டிலும் 3456! ஒரே மெஷினில் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டினாலே மாறுகிற எண், வருஷக்கணக்காக, மெஷின்களே மாறிய பிறகும், மாறாமல் நிற்கிறது. தென்காசி கோபுரம் கூட இடையில் இடிந்து 1990-ல் புதிதாக எழும்பியது, எங்கள் 3456-க்கு ஒரு கீறல் இல்லை.

நான் ஓட்டினேன். ப்ராம்ப்ட் முதலில் வந்துவிட்டது, ஐந்து விநாடி கழித்து அதன் மேலேயே சைல்டின் வரி வந்து விழுந்தது. (இதைப் பார்த்துப் புரோகிராம் தொங்கிவிட்டது என்று பயந்து என்டரைத் தட்டோ தட்டென்று தட்டுகிறவர்கள் கவனிக்க: தொங்கவில்லை. பேரன்ட் போனதும் ஷெல் தன் வேலைக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.) வந்த எண் 1843.

"என்னப்பா இது 1843? ஒன்னுல்ல வரணும்."

"இதுதான் சார் வருது."

"ஸ்லீப் போட்டியா?"

"போட்டேன் சார்."

"திரும்ப ஓட்டு."

சைல்டின் எண் மாறியது. பேரன்ட் எண் மறுபடியும் அதே 1843.

"மெஷின்ல ஏதோ கோளாறு. ஒன்னுன்னு எழுதிக்கோ. எக்ஸ்டர்னல் கேட்டா பதில் சொல்லணும்ல."

சார் நல்லவர். மூன்று மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்க்க வேண்டும், சிலருக்கு இன்னும் கம்பைலே ஆகியிருக்காது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்த "மெஷின்ல ஏதோ கோளாறு" மேல். மெஷின் சொன்னது சரி. கோளாறு நோட்டில்.

பிஎஸ் கமாண்ட் போட்டு 1843 யார் என்று பார்த்தேன். சிஸ்டம்டி. ஆனால் 1-ஆம் எண்ணில் இருக்கும் பெரிய சிஸ்டம்டி இல்லை, நான் லாகின் செய்தபோது என் பெயரில் கிளம்பிய சின்ன சிஸ்டம்டி. லேபில் இருப்பது உபுண்டு 22.04. அதில் டெஸ்க்டாப்பில் டெர்மினலைத் திறந்தால் அந்த டெர்மினலே இந்தச் சின்னவரின் கீழேதான் வரும்.

அது ஏன் என் அநாதையை எடுத்துக்கொண்டது? 2012 மே மாதம் வந்த லினக்ஸ் 3.4-ல் சப்ரீப்பர் என்று ஒரு வசதி சேர்த்தார்கள். ஒரு புரோசஸ் கெர்னலிடம், "என் வம்சத்தில் யாராவது அநாதையானால் 1-இடம் அனுப்பாதே, என்னிடம் கொடு" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பேரன்ட் செத்ததும் கெர்னல் மேலே ஏறிப் பார்க்கும். செத்ததன் பேரன்ட், அதன் பேரன்ட், இப்படியே. வழியில் அப்படிச் சொல்லி வைத்தது ஒன்று இருந்தால் பிள்ளை அதனிடம். யாருமே இல்லையென்றால்தான் 1.

குற்றாலம் சீசனுக்கு வந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் கூட்டத்தில் ஒரு பிள்ளை கையை விட்டுப் பிரிந்துவிட்டால், அழுகிற பிள்ளையை அருவிக்கரையில் நிற்கும் போலீஸிடம் கொண்டுபோய் விடுவார்கள். மைக்கில் சட்டை நிறம் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரும் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னை தலைமைச் செயலகத்துக்கு பஸ் ஏற மாட்டார்கள். கடைசிப் பொறுப்பு அரசாங்கத்துடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "பிள்ளை இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் ஐந்தருவி போலீஸ். எங்கள் ரெக்கார்டில் மட்டும் எல்லாப் பிள்ளையும் சென்னைக்குப் போகிறது.

இப்போது "புத்தகத்தில் 1 என்றுதானே இருக்கிறது" என்பவர்களுக்கு. இல்லை ஐயா, இல்லை. போசிக்ஸ் தரத்தில் 1 என்ற எண்ணே சொல்லப்படவில்லை. அநாதைகளை எந்த சிஸ்டம் புரோசஸிடம் ஒப்படைப்பது என்பதை அந்தந்த அமலாக்கத்தின் முடிவுக்கே விட்டிருக்கிறார்கள். லினக்ஸ் மேனுவலில் கெட்பிபிஐடி பக்கத்தில் இனிட் அல்லது சப்ரீப்பர் என்று இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். லைப்ரரியில் நாம் எல்லோரும் எடுத்துவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே புத்தகம் இருக்கிறதே, அதன் 2018-ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பிலும், சிஸ்டம்டி தவிர மற்ற புரோசஸ்களும் அநாதைகளை எடுத்துக்கொள்ள லினக்ஸ் விடுகிறது என்று இருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம்தான், ஆனால் இருக்கிறது. பாடத்திட்டத்தைத் திட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் லேப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஃபோர்க், எக்ஸெக், கெட்பிஐடி, எக்ஸிட், வெயிட் என்று போகிறது. இவற்றை வைத்துப் புரோகிராம் எழுது என்றுதான் சொல்கிறது. இரண்டு 'பி' உள்ளது அந்த வரியில் பெயராகக் கூட இல்லை. ஆக தரம் சொல்லவில்லை, மேனுவல் சொல்லவில்லை, புத்தகம் சொல்லவில்லை, பாடத்திட்டமும் சொல்லவில்லை. ஒன்று என்று சொல்வது சீனியர் நோட்டு மட்டும்.

பழைய யூனிக்ஸில் 1 சரியான பதில்தான், அதை மறுக்கவில்லை. அந்த நோட்டை முதன்முதலில் எழுதிய புண்ணியவான் உண்மையிலேயே ஓட்டிப் பார்த்து, வந்ததை எழுதியிருப்பார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் ஓட்டவில்லை.

என் வீட்டு விலாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மாவட்டம் என்ற கட்டத்தில் திருநெல்வேலி என்று எழுதுவேன். 2019 நவம்பர் 22-லிருந்து தென்காசி. வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. அதே திண்ணை, அதே வேப்பமரம். மேலே இருப்பது மாறிவிட்டது. இன்றைக்கு நான் திருநெல்வேலி என்று எழுதினால் தாலுகா ஆபீஸில் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். "எங்க அண்ணன் ஃபாரத்துல அப்படித்தான் இருந்துச்சு சார்" என்றால் சிரிப்பார்கள். கெட்பிபிஐடி கேட்பதும் இதே மாதிரிக் கேள்விதான். உன்னைப் பெற்றது யார் என்று அது கேட்கவில்லை, இந்த நொடியில் உனக்கு மேலே யார் என்று கேட்கிறது. பெற்ற கதை வேண்டுமென்றால் ஃபோர்க்குக்கு முன்னாலேயே எண்ணை ஒரு வேரியபிளில் எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரியவைப்பதற்காகவே வைத்த பயிற்சி இது. அதைப் போய் எண்ணை மனப்பாடம் செய்கிற பயிற்சியாக ஆக்கிவிட்டோம்.

"சரி மக்கா, 1 எழுதினா என்ன, 1843 எழுதினா என்ன, உனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கிட்டு வருது?" என்று பக்கத்து பெஞ்சில் கேட்டான். நியாயமான கேள்வி. பதில் போன வருஷ ஆடி அமாவாசையில் இருக்கிறது.

குற்றாலத்தில் என் மாமா ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார். பன்னிரண்டு அறை. முதல் வருஷம் முடிந்த லீவில், பெரிய மேதை மாதிரி, அவருக்குப் பைதானில் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மெயின் புரோகிராம் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொள்ளும், ரிசப்ஷன் பையன் போனிலிருந்து அறை எண்ணைத் தட்டுவான். பிரிண்டருக்கு மட்டும் ஃபோர்க் செய்த ஒரு சைல்டு. மெயின் செத்தால் சைல்டும் போய்விட வேண்டும் அல்லவா? அதற்கு சீனியர் நோட்டில் படித்த ஞானத்தைப் போட்டேன்: இரண்டு விநாடிக்கு ஒரு தடவை கெட்பிபிஐடி கேள், 1 வந்தால் நீயும் படுத்துக்கொள். என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். பைதான் ஆவணத்திலேயே, பேரன்ட் போய்விட்டால் யூனிக்ஸில் 1 வரும் என்றுதான் போட்டிருந்தது. (விண்டோஸில் செத்துப்போன பேரன்டின் பழைய எண்ணே வந்துகொண்டிருக்குமாம், அந்த எண் அதற்குள் வேறு எதற்காவது போயிருக்கவும் கூடுமாம். அது தனிக் கூத்து.)

ஆடி அமாவாசை. தர்ப்பணம் கொடுத்துவிட்டு அருவியில் குளிக்க வந்த கூட்டம், ஊரே கார். காலை ஏழு மணிக்கு மெயின் புரோகிராம் ஏதோ ஒரு எர்ரரில் விழுந்தது. பையன் ஐகானைத் திரும்பத் தட்டினான். அட்ரஸ் ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது என்று ஒரு செய்தி வந்தது. திரும்பத் தட்டினான், அதே செய்தி. சைல்டு சாகவே இல்லை. அது கேட்டுக்கொண்டே இருந்தது, அதற்கு 1 வரவே இல்லை. ஐகானைத் தட்டித் திறந்த புரோகிராம் ஆயிற்றே, சின்ன சிஸ்டம்டி அதை அன்போடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. ஃபோர்க்கில் கைமாறிய அந்த போர்ட்டையும் இறுக்கிப் பிடித்தபடியே சைல்டு உட்கார்ந்திருந்தது. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். மாமா பழைய பில் புக்கை எடுத்துக் கால்குலேட்டரில் போட்டார். இரண்டு அறைக்கு ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டார். பத்து மணிக்கு நான் போய் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது, ஏன் சரியானது என்று எனக்கே தெரியாது.

"ஏம்ல, உன் கம்ப்யூட்டருக்கு நோட்டு எவ்வளவோ தேவல போலயே" என்றார் மாமா. கோபமாகக் கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

காரணம் தெரியாமலேயே ஆறேழு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு மத்தியானம் லேபில் 1843 வந்தது. அந்த நிமிஷம் எனக்கு லாட்ஜ் ஞாபகம் வந்து உடம்பெல்லாம் சில்லிட்டது. நான் தேடிய பதில் ஸ்கிரீனில் நிற்கிறது, அதை அடித்துவிட்டு 1 என்று எழுதச் சொல்கிறார்கள். எந்தத் தப்பு எங்கள் மாமாவின் கல்லாவில் கை வைத்ததோ அதே தப்பை, என் கையாலேயே, நீல மையில், மார்ஜின் போட்ட தாளில். எப்படி எரியாமல் இருக்கும்?

(சரியான வழி கேட்பவர்களுக்கு: ஃபோர்க்குக்கு முன் பேரன்ட் தன் எண்ணை எடுத்து வைக்க வேண்டும். சைல்டு, வந்த எண் 1-ஆ என்று பார்க்காமல், வைத்த எண்ணிலிருந்து மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதைவிட நல்லது ஒரு பைப். எழுதும் முனையை பேரன்ட் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், சைல்டு தன்னிடமுள்ள எழுதும் முனையை மூடிவிட்டுப் படிக்கும் முனையில் காத்திருக்க வேண்டும். பேரன்ட் எப்படிச் செத்தாலும் சைல்டுக்கு ஃபைல் முடிந்தது என்று வந்துவிடும். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். மாமா லாட்ஜில் இப்போது பைப்தான் ஓடுகிறது. போர்ட்டையும் சைல்டு ஃபோர்க் ஆனவுடன் மூடிவிடுகிறது.)

இன்னொரு வாதம் வரும்: இதெல்லாம் யாருக்குத் தேவை, டெஸ்க்டாப்பில் யார் ஃபோர்க் எழுதுகிறார்கள், வேலைக்குப் போனால் எல்லாம் டாக்கர். நல்லது, டாக்கருக்கே வருவோம். கன்டெய்னருக்குள் 1-ஆம் எண் யார்? பெரும்பாலும் நீங்கள் எழுதிய புரோகிராமேதான். அநாதைகள் எல்லாம் உங்கள் மடிக்குத்தான் வரும். வெயிட் போட்டு அவற்றை வழியனுப்பாவிட்டால் ஸோம்பியாகச் சேர்ந்துகொண்டே போகும். இதற்காகவே 2017-ல் வந்த டாக்கர் 1.13-ல் சின்னதாக ஓர் இனிட்டை உள்ளே வைக்கும் ஆப்ஷன் கொடுத்தார்கள். ஓடுகிற கன்டெய்னருக்குள் டாக்கர் எக்ஸெக் போட்டு ஒரு ஷெல்லைத் திறந்து அதன் பேரன்ட் எண்ணைப் பாருங்கள், 0 என்று வரும். பேரன்ட் வேறு பிஐடி நேம்ஸ்பேஸில் இருந்தால் கெட்பிபிஐடி 0 தரும் என்று அதே மேனுவல் பக்கத்தில்தான் இருக்கிறது. 1 என்று மட்டும் மனப்பாடம் செய்தவன் 0-வைப் பார்த்தால் என்ன சொல்வான்? மெஷின்ல ஏதோ கோளாறு.

லேபில் ஒன்றும் புரட்சி வேண்டாம். அவுட்புட்டை ஓட்டிய பிறகு எழுத விடுங்கள், அது போதும். வைவாவில் ஆர்ஃபன் என்றால் என்ன என்று கேட்டால் அறுபது பேரும் ஒரே குரலில் ஒப்பிப்போம், யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குப் பதிலாக, பக்கத்து சிஸ்டத்தில் வேறு எண் வந்திருக்கிறதே, ஏன் என்று கேளுங்கள். ஓட்டியவன் யார், காப்பி அடித்தவன் யார் என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். திருத்துகிற வேலையும் குறையும்.

மாடல் எக்ஸாமுக்கு முந்தின வாரம் லேப் காலியாக இருந்தது. சாரைக் கூப்பிட்டேன். டெர்மினலில் ஓட்டினேன், இந்தத் தடவை 1790 வந்தது. காலையில் மெஷினை அணைத்துப் போட்டிருந்தார்கள், எண் மாறியிருந்தது. பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்பு ஸ்கிரீன். அதில் லாகின் செய்து அதே புரோகிராமை ஓட்டினேன். 1 வந்தது. அந்த வழியில் வரும் ஷெல்லுக்கு மேலே ஏறிக்கொண்டே போனால் நடுவில் சப்ரீப்பர் யாரும் இல்லை, நேராகப் பெரியவர்தான். ஒரே மெஷின், ஒரே ஃபைல், இரண்டு பதில், இரண்டும் சரி.

சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவரே கீபோர்டை இழுத்து இரண்டு தடவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். "ரெண்டையும் எழுதிக்கோ. ஏன்னு கீழ ரெண்டு வரி எழுது" என்றார். 1843-ஐ அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதைத் திரும்ப எழுதி, கீழே 1-ஐயும் வைத்து, காரணமும் எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் ஜூனியர் ஒருவன் ரெக்கார்ட் கேட்டு வந்தான். "எண்ணை அப்படியே எழுதாதல, உன் சிஸ்டத்துல ஓட்டிப் பாரு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "சரிண்ணே" என்றான். நேற்று அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் என் பக்கத்தை போட்டோ பிடித்துப் போட்டிருக்கிறானாம், சிவப்பு வட்டம் வேறு: ஆர்ஃபன் வந்தால் 1843 எழுதணும்.